கேசட் போட்டு விளையாடின டிவி கேம் சவுண்டை லேப்டாப்ல எப்படி கொண்டு வர்றது?

"8 பிட் மியூசிக் பண்ணணும்ணே, எந்த பிளக்இன் போடறது?"ன்னு கடலூர் ஓ.டி. பக்கம் கச்சேரி குழுவுல கீபோர்ட் வாசிக்கிற தம்பி ஒருத்தன் கேட்டான். இதே கேள்விய இன்னும் பல பேரு கேட்டிருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல தனித்தனியா வாய்ஸ் நோட் போடறதுக்கு பதிலா மொத்தமா எழுதி வெச்சிடலாம்னுதான் இது. மியூசிக் சாஃப்ட்வேரை இப்பதான் தொறந்து பாக்கறவங்களுக்கும் புரியற மாதிரி சொல்றேன், சிப் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல.

அந்த தம்பி என்ன பண்ணி வெச்சிருந்தான்னா, சிந்த்ல (சவுண்டை தானே உருவாக்கற சாஃப்ட்வேர் வாத்தியம்) நல்லா பெருசா நிறைஞ்சு கேக்கற சவுண்டு ஒண்ண எடுத்து அதுமேல பிட்கிரஷர்னு சவுண்டை வேணும்னே கரடுமுரடாக்கற எஃபெக்டை போட்டு 8 பிட்னு செட் பண்ணியிருந்தான். கரகரப்பு வந்துச்சு, டிவி கேம் வரல. நிறைய பேரு இங்கதான் நிக்கறாங்க. அந்த மெஷினை 8 பிட்னு சொல்றது அதோட பிராசசர் ஒரு தடவைக்கு எவ்ளோ டேட்டாவை கையாளுதுங்கறத வெச்சுதான், சவுண்டோட குவாலிட்டிக்கும் அந்த நம்பருக்கும் சம்பந்தமே கெடையாது. உள்ள இருந்த சவுண்டு சிப் கரகரன்னு ஒண்ணும் பாடல, ரொம்ப சுத்தமா, ரொம்ப கொஞ்சமா பாடிச்சு. அந்த 'கொஞ்சம்' எவ்ளோன்னு தெரிஞ்சிட்டா மீதி வேலை தானா நடக்கும்.

நம்ம வீடுகள்ல டிவி கேம்னு சொன்னதுக்கெல்லாம் மூலம் ஜப்பான்ல 1983 ஜூலைல நிண்டெண்டோ விட்ட ஃபேமிகாம். அமெரிக்காவுல 1985ல அதையே என்இஎஸ்னு பேர் மாத்தி வித்தாங்க. அதுக்குள்ள இருந்த ரிகோ 2ஏ03ங்கற ஒரே சிப்புதான் கேமையும் ஓட்டிச்சு, பாட்டும் பாடிச்சு. ரெக்கார்ட் பண்ணின பாட்டை பிளே பண்றதுங்கற கதையே இல்ல, அதுக்கெல்லாம் கேசட்டுல இடம் ஏது. "இந்த நோட்டை இந்த சத்தத்துல இப்ப வாசி"ன்னு கேம் புரோகிராம் சிப்புக்கு சொல்லிக்கிட்டே இருக்கும், சிப்பு அந்த நேரத்துலயே கரண்டை ஏத்தி இறக்கி சவுண்டை உருவாக்கும்.

மொத்தம் 5 சேனல். ஒரு சேனல்ல ஒரு நேரத்துக்கு ஒரு நோட்டுதான், நாலஞ்சு நோட்டை ஒண்ணா அமுக்கற கார்டு எல்லாம் புடிக்க முடியாது. கோயில்ல மேளம் வாசிக்கறவங்க உக்காந்திருக்கறத நெனச்சிக்கோங்க: ரெண்டு நாயனம், கீழ ஒத்து, பக்கத்துல தவில். பல்ஸ்னு சொல்ற ரெண்டு சேனலும் அந்த ரெண்டு நாயனம், டிரையாங்கிள் சேனல் அடில தாங்கி நிக்குது, நாய்ஸ் சேனல் தாளம் பாத்துக்குது. அஞ்சாவதா டிபிசிஎம்னு ஒண்ணு இருக்கு, அது குட்டியூண்டு ரெக்கார்டிங்கை வாசிக்கும், ஆனா கேசட் மெமரிய நெறைய தின்னுடும்ங்கறதால பல கேம்ல அத தொடவே மாட்டாங்க. ஆரம்பத்துல நீங்களும் அத விட்டுடுங்க, நாலு சேனல் தாராளம்.

இதுல பல்ஸ் சேனலைத்தான் நல்லா புரிஞ்சுக்கணும், ஏன்னா "ஆ, இது டிவி கேம்"னு காதுக்கு உடனே தெரியறது அதுதான். ஸ்பீக்கருக்கு போற கரண்டு மேல ஏறி நிக்கும், சடார்னு கீழ எறங்கி நிக்கும், திரும்ப ஏறும், நடுவுல வளைவு கிளைவு ஒண்ணும் கெடையாது. ஒரு சுத்துல எவ்ளோ நேரம் மேல இருக்குதுங்கறதுதான் டியூட்டி. 2ஏ03ல இதுக்கு நாலே நாலு செட்டிங்தான்: 12.5 சதவீதம், 25, 50, அப்புறம் 75. இதுல 75ம் 25ம் காதுக்கு ஒண்ணுதான், ஏன்னா 25 சதவீதம் மேல இருந்து 75 சதவீதம் கீழ இருக்கறதும் அத தலைகீழா திருப்பி போடறதும் ஒரே சவுண்டுதான் குடுக்கும். ஆக உண்மைல மூணு குரல். 50 வெச்சா நடுவுல காலியா, உருண்டையா, சாதுவா கேக்கும். 25 வெச்சா கொஞ்சம் கூர்மை வரும், மெயின் மெலடிக்கு ரொம்ப பேரு இதைத்தான் வெச்சாங்க. 12.5 மெலிசா மூக்கால பாடற மாதிரி இருக்கும், மத்ததெல்லாம் சத்தமா ஓடிக்கிட்டு இருந்தாலும் அதுக்கு நடுவுல இது தனியா வெட்டிக்கிட்டு கேக்கும். நீங்க எந்த சிந்த் வெச்சிருந்தாலும் சரி, வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி மாதிரி ஃப்ரீயா கெடைக்கறதா இருந்தாலும் சரி, அதுல பல்ஸ் அலை எடுத்து பல்ஸ் விட்த்னு இருக்கற குமிழை இந்த மூணு எடத்துலயும் நிறுத்தி ஒரே டியூனை வாசிச்சு பாருங்க, பாதி பாடம் அதுலயே முடிஞ்சிடும்.

வால்யூமும் படிப்படியாத்தான். 0லேர்ந்து 15 வரைக்கும் 16 படி, நடுவுல எதுவும் இல்ல. அதனாலதான் பழைய கேம்ல நோட்டு தேஞ்சு மறையும்போது வழுக்கிக்கிட்டு போகாம ஒவ்வொரு படியா எறங்கறது லேசா தெரியும்.

டிரையாங்கிள்ல அந்த படிகூட கெடையாது. அதுக்கு வால்யூமே இல்ல, ஒண்ணு வாசிக்கும் இல்லன்னா நிக்கும், அவ்ளோதான். மெதுவா வாசிக்க சொன்னா அதுக்கு தெரியாது. பேரு முக்கோணம்னாலும் நேர்கோடா ஏறி எறங்கறதில்ல, 16 படி ஏறி 16 படி எறங்குது, அதனால கீழ் ஸ்தாயில லேசா ஒரு ரீங்காரம் ஒட்டிக்கிட்டே வரும். புது சிந்த்ல வர்ற டிரையாங்கிள் வழவழன்னு இருக்குதே, பழைய சுகம் வரலியேன்னு தோணும்ல, காரணம் இதுதான். பிட்கிரஷர் போடற எடம்னு ஒண்ணு உண்டுன்னா அது இங்கதான்: டிரையாங்கிள் டிராக்ல மட்டும், 4 பிட்னு வெச்சு, வால்யூமை குறைக்கறதுக்கு முன்னாடி போடுங்க, கிட்டத்தட்ட அந்த 16 படி கெடச்சிடும். மத்த டிராக்ல வேண்டவே வேண்டாம்.

நாய்ஸ் சேனல்ல 16 பிட்ச் இருக்கு, ரெண்டு மோடு இருக்கு. சாதா மோடு உஸ்ஸுனு காத்து அடிக்கற சவுண்டு, இன்னொரு மோடுல அதே சவுண்டு சின்ன துண்டா திரும்ப திரும்ப வர்றதால தகரத்துல தட்டற மாதிரி ஒரு சுருதி வந்துடும், லேசர், மெஷின் சத்தத்துக்கெல்லாம் அதை வெச்சாங்க.

அடுத்து நேரம். இத பத்தி பிளக்இன் விக்கறவங்க அவ்ளவா பேசறதில்ல, ஆனா என்னை கேட்டா சவுண்டைவிட இதுதான் முக்கியம். அமெரிக்க, ஜப்பான் டிவில படம் செகண்டுக்கு 60 தடவை மாறும், கேம் புரோகிராமும் பெரும்பாலும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு தடவைதான் சிப்புக்கு புது கட்டளை குடுக்கும். நோட்டு மாத்தறது, சத்தம் குறைக்கறது, டியூட்டி மாத்தறது எல்லாமே 60ல ஒரு செகண்டு, 60ல ரெண்டு செகண்டுன்னு அந்த கட்டத்துக்குள்ளதான் நடக்கும். புது சாஃப்ட்வேர்ல எல்லாமே வழுவழுன்னு நகர்றதால நாம எவ்ளோ சரியான அலைய எடுத்து வெச்சாலும் நடை மட்டும் பழசா வராம போயிடுது.

சரி, எதுல பண்றது? என் சிபாரிசு ஃபேமிஸ்டுடியோ. காசு கெடையாது, பியானோ ரோல் மாதிரி பக்கவாட்டுல நோட்டை வரைஞ்சுக்கிட்டே போகலாம், ஆண்ட்ராய்டு போன்ல கூட ஓடும். சிப்பால முடியாதத இதுலயும் பண்ண முடியாதுங்கறதுதான் நான் இத சொல்றதுக்கு காரணம், டிரையாங்கிளுக்கு வால்யூம் வைக்க பாத்தாலும் நடக்காது, கை தானா ஒழுங்குக்கு வந்துடும். ஃபேமிடிராக்கர்னு இன்னொண்ணு இருக்கு, அதுல நோட்டெல்லாம் மேலேர்ந்து கீழ எழுத்தும் நம்பருமா ஓடும், பழகிட்டா வேகம், ஆனா மொதல்ல பாக்கறப்போ மெரண்டுடுவீங்க. ஃபர்னஸ்ங்கறது கேம்பாய், மெகா டிரைவ்னு மத்த கேம் மெஷினோட ஏகப்பட்ட சிப்பை ஒரே எடத்துல வெச்சிருக்கற, அதே மாதிரி மேலேர்ந்து கீழ ஓடற டிராக்கர், அதுவும் இலவசம். கீபோர்டை கனெக்ட் பண்ணி வழக்கம்போல வாசிச்சாதான் வரும்ங்கறவங்க எல்எம்எம்எஸ்ங்கற மியூசிக் சாஃப்ட்வேரை எறக்கிக்கோங்க, அதுக்குள்ளயே நெஸ்கலைன்னு என்இஎஸ் மாதிரி பாடற இன்ஸ்ட்ருமென்ட் ஒண்ணும், கேம்பாய்க்கு ஃப்ரீபாய்னு ஒண்ணும் வருது. ஏற்கெனவே எஃப்எல் ஸ்டுடியோ, ரீப்பர்னு மியூசிக் சாஃப்ட்வேர் எதையாச்சும் வெச்சிருந்தா ஜப்பான் ஒய்எம்சிகே குழு ஃப்ரீயா குடுக்கற மேஜிக்கல் 8பிட் பிளக் போதும்.

சாதா சிந்த்ல பண்றதா இருந்தா ஒரு தடவை உக்காந்து எல்லாத்தையும் அணைச்சுடுங்க: ரிவெர்ப், கோரஸ், டிலே, ஃபில்டர், யூனிசன், எதுவும் வேண்டாம். ஒரு நேரத்துல ஒரே நோட்டுன்னு மோனோல போடுங்க. அட்டாக் (நோட்டு ஏற எடுக்கற நேரம்) பூஜ்யம், ரிலீஸ் (விட்டப்புறம் மறைய எடுக்கற நேரம்) பூஜ்யம். டிராக்கும் நாலுதான், அஞ்சாவது டிராக் சேக்கலாமான்னு கை போகும், போகக்கூடாது.

இப்போ கையால ஒண்ணு பண்ணி பாக்கலாம். மோகனத்தை எடுத்துக்குவோம், அஞ்சே சுரம், எங்க தொட்டாலும் நல்லா இருக்கும்: ச ரி க ப த. சி நோட்டை ஷட்ஜமமா வெச்சா சி, டி, இ, ஜி, ஏ. டெம்போவை 150னு வைங்க. 150ஐ சும்மா சொல்லல, செகண்டுக்கு 60 ஃபிரேம்னா அந்த டெம்போல ஒரு பீட்டுக்கு சரியா 24 ஃபிரேம் வரும், கால் பீட்டுக்கு 6 ஃபிரேம், கணக்கு பிசிறில்லாம உக்காரும். மொத பல்ஸ்ல 25 சதவீதம் டியூட்டி வெச்சு க ப த ப க ரி ச னு கால் பீட்டும் அரை பீட்டுமா கலந்து ஒரு டியூன் போடுங்க. அப்படியே கேட்டா செத்த சவுண்டா இருக்கும், ஒவ்வொரு நோட்டும் ஒரே மட்டத்துல பீப் பீப்னு. அதுக்கு வால்யூம் என்வலப் வரையணும், அதாவது நோட்டு ஓட ஓட சத்தம் எப்படி மாறணும்ங்கற வரைபடம். ஃபேமிஸ்டுடியோல இன்ஸ்ட்ருமென்ட்டை தொறந்தா ஃபிரேம் ஃபிரேமா கம்பு நிக்கும், அதை 15, 13, 11, 10, 9, 8, 8, 7, 7, 6னு எறக்கிக்கிட்டு போங்க. மொத்தமே 10 ஃபிரேம், செகண்டுல ஆறுல ஒரு பங்கு, ஆனா அந்த பீப்புக்கு இப்போ ஒரு தட்டு வந்திருக்கும், விரலால கம்பிய சுண்டினா வர்ற அந்த தொடக்கம். அடுத்து டியூட்டிக்கும் என்வலப் இருக்கு, மொத ரெண்டு ஃபிரேமுக்கு 12.5, அப்புறம் 50னு வெச்சு பாருங்க, நோட்டோட தலைல மட்டும் ஒரு கூர் ஏறும். இந்த ரெண்டு வரைபடத்துலதான் பழைய கம்போசர்கள் ஒவ்வொருத்தரும் தனித்தனி வாத்தியமே செஞ்சிருக்காங்க, பிரீசெட் தேடி அலையறதவிட இதுல ஒரு சாயங்காலம் உக்காந்தா எவ்ளவோ மேல்.

ஒரு சேனல்ல ஒரு நோட்டுதான்னா கார்டு எப்படி வந்துச்சு? வரல, காதை ஏமாத்தினாங்க. ச, க, ப அப்படிங்கற மூணு நோட்டையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கு ஒண்ணா செகண்டுக்கு 60 தடவை மாத்தி மாத்தி வாசிச்சா காது அத தனித்தனியா பிரிக்க முடியாம மொத்தமா ஒரு மினுமினுக்கற கார்டா எடுத்துக்கும். டிவி கேம் மியூசிக்ல தண்ணி தெறிக்கிற மாதிரி ஒரு சவுண்டு வருமே, அது இந்த ஆர்பெஜியோதான். சாஃப்ட்வேர்ல 0, 4, 7னு எழுதுவாங்க: 0 ஆதார சுரம், அதுக்கு மேல நாலு அரைச்சுரம் தள்ளி அந்தர காந்தாரம், ஏழு தள்ளி பஞ்சமம், இது மேஜர். 0, 3, 7னு போட்டா சாதாரண காந்தாரம் வந்து மைனர் ஆயிடும். சாதா சிந்த்ல பண்றவங்க ஆர்பெஜியேட்டரோட வேகத்தை 64ல ஒண்ணு டிரிப்லெட்டுன்னு வைங்க, 150 டெம்போல அது சரியா செகண்டுக்கு 60 தடவைன்னு வரும். ரொம்ப படபடன்னு இருந்தா ஒவ்வொரு நோட்டுக்கும் ரெண்டு ஃபிரேம் குடுங்க, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

எக்கோவும் இதே மாதிரி ஒரு ஏமாத்துதான். ரிவெர்ப்னு எதுவும் அந்த சிப்ல கெடையாது, அதனால ரெண்டாவது பல்ஸ்ல அதே டியூனை அரை பீட் தள்ளி, சத்தத்தை நல்லா குறைச்சு வாசிக்க வெச்சாங்க. சேனல் ஒண்ணு போயிடுதேன்னு தோணும், ஆனா பெரிய ஹாலுக்குள்ள பாடற மாதிரி ஒரு எடம் கெடைக்குது, தனி மெலடிக்கு இதைவிட நல்ல செலவு இல்ல. கேம் விளையாடும்போது குதிச்சாலோ காசு எடுத்தாலோ பாட்டுல ஒரு பகுதி சட்டுனு காணாம போயி திரும்ப வரும், கவனிச்சிருப்பீங்க. அது என்னன்னா எஃபெக்ட் சவுண்டுக்கு தனி சேனல் இல்ல, பாட்டுலேர்ந்து ஒண்ணை புடுங்கி அதுல வாசிச்சுட்டு திருப்பி குடுத்துடும்.

ரிதத்துக்கு நாய்ஸும் டிரையாங்கிளும் சேந்து வேலை செய்யணும். ஹைஹேட்டுக்கு நாய்ஸ் மேல் பிட்ச்ல வால்யூம் 5, 2, 0ன்னு மூணு ஃபிரேம் போதும். ஸ்நேருக்கு நடு பிட்ச்ல வால்யூமை 12லேர்ந்து எட்டு ஃபிரேம்ல எறக்குங்க. கிக்குக்கு டிரையாங்கிளை கடன் வாங்கணும்: பேஸ் நோட்டு வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி, அதே சேனல்ல அஞ்சு ஃபிரேமுக்குள்ள அரைச்சுர கணக்குல 12, 7, 2, -3, -8ன்னு பிட்சை தடார்னு கீழ தள்ளுங்க, மேல ஒரு ஃபிரேம் நாய்ஸ், தொம்முனு விழும். பேஸ் நடுவுல அறுந்து போறது காதுக்கு தெரியாது, அந்த அறுந்த எடத்தைத்தான் கிக்கோட கனம்னு காது எடுத்துக்குது.

நம்ம ஆளுங்க கண்டிப்பா கேக்கற ஒண்ணு, கமகம் வருமா? வரும். ஆனா பிட்ச் வீலை உருட்டி வழுக்கக்கூடாது, அப்படி பண்ணினா உடனே 2ஏ03 போயி சாதா சிந்த் வந்துடும். பிட்ச் என்வலப்ல ஃபிரேம் ஃபிரேமா படி வெச்சு ஏத்துங்க, 'ரி'லேர்ந்து 'க'வுக்கு நாலஞ்சு ஃபிரேம்ல போயி, கொஞ்சம் தாண்டி, திரும்பி வந்து நிக்கற மாதிரி. அந்த படிக்கட்டு கமகம் ரொம்ப அழகா இருக்கும், நம்ம ஊரு டியூனை இதுல போடறவங்க இன்னும் நெறைய பேரு வரணும்னு எனக்கு ஆசை. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்க, சிப்பு சுருதிய முழு நம்பர்ல வகுத்துத்தான் கண்டுபிடிக்குது, அதனால மேல போக போக சுருதி பிசகும். 3520 ஹெர்ட்ஸ் ஏ கேட்டா 3496 பக்கத்துலதான் குடுக்கும், 12 சென்ட் கம்மி (ஒரு அரைச்சுரத்துல நூறுல ஒரு பங்குதான் ஒரு சென்ட்). சுத்த சுருதி வேணும்னா நடு ஸ்தாயிலயே இருங்க.

இதுவரைக்கும் சொன்னது நிண்டெண்டோ பொட்டி. ஆனா கடலூர்லயோ பாண்டிலயோ வளந்த நாம கேட்டது அது இல்ல. நம்ம டிவிக்கு அடில இருந்தது எல்லாம் அதைப் பாத்து செஞ்ச காப்பி செட்டு, லட்சம் கேம்னு அட்டைல போட்டு தொறந்தா அதே கேம் திரும்ப திரும்ப வருமே, அந்த செட்டு. பாண்டில எம்.ஜி. ரோடு சண்டே மார்க்கெட்டுல பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் பரப்பி வெச்சிருப்பாங்க பாருங்க, அங்கேர்ந்து கொண்டாந்த ஒரு செட்டை ஸ்க்ரூ கழட்டி தொறந்து பாத்தேன். பொட்டி பெருசு, உள்ள முக்காவாசி காலி. விரல் நீளத்துக்கு ஒரு போர்டு, அதுல கால் வெச்ச சிப்பு எதுவும் கெடையாது, கருப்பா ஒரு சொட்டு பிசின் காஞ்சு மேடா உக்காந்திருக்கு, அவ்ளோதான். பிராசசர், படம், சவுண்டு எல்லாமே அந்த சொட்டுக்கு அடியில. கேசட் சொருகற எடத்துல பித்தளை பல்லு பச்சை புடிச்சு போயிருந்துச்சு, கடல் காத்து ஊர்ல அது அப்படித்தான் ஆகும்.

காப்பின்னா அதே சவுண்டுதானேன்னு நெனைப்பீங்க, இல்ல. தைவான் யூஎம்சி கம்பெனி, நம்ம ஊரு மாதிரி பால் (PAL) முறை டிவி இருக்கற ஊர்களுக்குன்னு போட்ட 6527பி மாதிரி சிப்புகள்ல மூணு விஷயம் மாறுது. ஒண்ணு, பல காப்பி சிப்புல 25 சதவீத டியூட்டியும் 50 சதவீத டியூட்டியும் எடம் மாறி இருக்கு. கம்போசர் சாதுவா இருக்கட்டும்னு 50 வெச்ச எடத்துல நமக்கு கூர்மையா 25 கேட்டுச்சு, கூர்மையா வெச்ச மெலடி நமக்கு உருண்டையா வந்துச்சு. 12.5ம் 75ம் மட்டும் அதே எடத்துல இருக்கு. ரெண்டாவது வேகம். நம்ம பால் டிவி செகண்டுக்கு 60 இல்ல, 50. ஃபிரேமுக்கு ஒரு கட்டளைன்னு எழுதின பாட்டு 50ல ஓடினா ஆறுல ஒரு பங்கு மெதுவாயிடும், 150 டெம்போல போட்ட பாட்டு நம்ம வீட்டுல 125லதான் ஓடிச்சு. மூணாவது சுருதி, ஆனா இது ரொம்ப சின்னது: நிண்டெண்டோ சிப் ஓடறது 1.79 மெகாஹெர்ட்ஸ், அந்த காப்பி 1.77, அதனால சுமார் 16 சென்ட் கீழ. பாட்டு மெதுவாவும் சுருதி கிட்டத்தட்ட அதேயாவும் இருந்துச்சு, டேப்ரெக்கார்டர்ல பேட்டரி தீந்தா குரலும் சேந்து எறங்குமே அப்படி இல்ல.

அதனாலதான் காசு குடுத்து வாங்கின பிளக்இன்ல அச்சு அசலா போட்டும் "சரியா இருக்கு, ஆனா நாம கேட்டது இது இல்லியே"ன்னு பல பேருக்கு தோணுது. காது பொய் சொல்லல. உங்களுக்கு வேணும்ங்கறது எதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க: ஜப்பான் பொட்டியா, நம்ம வீட்டு பொட்டியா. ரெண்டாவதுதான் வேணும்னா மேல போட்ட மோகன டியூன்லயே 25 இருக்கற எடத்துல 50, 50 இருக்கற எடத்துல 25னு மாத்துங்க, டெம்போவை 125க்கு எறக்குங்க, மாஸ்டர் சுருதிய 16 சென்ட் குறைங்க. ஆர்பெஜியோவை கைல மாத்த வேண்டாம், 64ல ஒண்ணு டிரிப்லெட் 125 டெம்போல தானாவே செகண்டுக்கு 50னு ஆயிடும். ஃபர்னஸ்ல என்இஎஸ் சிப்போட கிளாக் செட்டிங்ல டெண்டின்னு ஒண்ணு இருக்கு, ரஷ்யால இதே மாதிரி காப்பி செட்டு வித்த பேரு அது, அதைப் போட்டா அந்த 1.77 வந்துடும். நான் சொல்றத நம்பாம காதால கேட்டு பாக்கணும்னா மீசன், எஃப்சிஇயுஎக்ஸ் மாதிரி எமுலேட்டர்ல (பழைய கேமை கம்ப்யூட்டர்ல ஓட்டற சாஃப்ட்வேர்) டியூட்டிய எடம் மாத்தற ஆப்ஷனும் டெண்டி ஆப்ஷனும் இருக்கு. ஆன் பண்ணி, ஆஃப் பண்ணி, திரும்ப ஆன் பண்ணி கேளுங்க. அந்த தம்பிக்கு இதைத்தான் போட்டு காட்டினேன், ஆன் பண்ணின உடனே "அண்ணே, இதுதாண்ணே, இதேதாண்ணே"ன்னான். மெதுவா ஓடினதுதான் அவன் ஞாபகத்துல இருந்த பாட்டு.

இன்னொண்ணு டிவி. நாம அத பெரிய ஸ்பீக்கர்ல கேக்கல, ஆண்டெனா வயர்ல சொருகி, பழைய டப்பா டிவியோட ஒத்தை சின்ன ஸ்பீக்கர்ல கேட்டோம். அந்த ஸ்பீக்கருக்கு அடி சத்தமும் வராது, உச்சி சத்தமும் வராது. எல்லா டிராக்கும் சேர்ற மாஸ்டர்ல ஒரு ஈக்யூ (அடி, உச்சி சத்தத்தை ஏத்தி எறக்கற எஃபெக்ட்) போட்டு 150 ஹெர்ட்ஸுக்கு கீழயும் 8000த்துக்கு மேலயும் மெதுவா சரிச்சு விடுங்க, இந்த நம்பர் என் காதுக்கு சரியா பட்டது, உங்க டிவி வேறயா இருந்திருக்கும், நகத்தி பாத்துக்கோங்க. இதை கடைசிலதான் போடணும், மொதல்லயே போட்டா டிரையாங்கிள் கேக்கலன்னு அதை ஏத்திக்கிட்டே போவீங்க.

மத்த மெஷினை எல்லாம் சுருக்கமா சொல்லிடறேன், ஒவ்வொண்ணும் தனியா எழுத வேண்டியது. 1989ல வந்த கேம்பாய்லயும் ரெண்டு பல்ஸ், ஒரு நாய்ஸ் உண்டு, டிரையாங்கிளுக்கு பதிலா 32 புள்ளில நாமளே வரைஞ்சுக்கற ஒரு அலை, ஹெட்ஃபோன் போட்டா ஸ்டீரியோ, ஆனா ஒரு சேனல் இடது, வலது, இல்லன்னா ரெண்டும், நடுவுல எங்கயும் நிறுத்த முடியாது. 1988 மெகா டிரைவ் வேற ஜாதி, அதுல இருக்கற யமஹா ஒய்எம்2612 எஃப்எம் சிந்த், ஒரு அலைய வெச்சு இன்னொரு அலைய ஆட்டி சவுண்டு எடுக்கும், அந்த உலோக பேஸுக்கு பல்ஸை எவ்ளோ திருகினாலும் வராது, எஃப்எம் சிந்துதான் வேணும். 1990 சூப்பர் ஃபேமிகாம்ல நெஜமான வாத்தியத்தோட ரெக்கார்டிங்கையே 8 சேனல்ல வாசிக்கும், ஆனா மொத்த சவுண்டு மெமரியும் 64 கிலோபைட், அதனால எல்லாத்தையும் நறுக்கி நறுக்கி வெச்சிருப்பாங்க, அந்த மங்கலான இனிமை அதுலேர்ந்து வர்றது. மூணுமே ஃபர்னஸ்ல இருக்கு, என்இஎஸ் கைக்கு வந்தப்புறம் கேம்பாய்க்கு போங்க, மெகா டிரைவை கொஞ்சம் தள்ளி வைங்க, எஃப்எம் பழக நாளாகும்.

கடைசியா ஃபைலா எடுக்கும்போது மோனோல எடுங்க, அந்த பொட்டிலேர்ந்து வெளிய வந்ததே மோனோதான். லிமிட்டர் போட்டு சத்தத்தை ஏத்த வேண்டாம், பல்ஸ் அலை ஏற்கெனவே காதுல குத்தற ஆளு, எம்பி3யாவும் மாத்தாம வேவ் ஃபைலாவே வெச்சிக்கோங்க, கம்மி பிட்ரேட்ல நாய்ஸ் சேனல்தான் மொதல்ல நாசமாகும். டிரையாங்கிளுக்கு சிப்புல வால்யூம் இல்லன்னு சொன்னேன்ல, அதனால மிக்ஸ் பண்றப்போ டிரையாங்கிளை ஒரு எடத்துல நிறுத்திட்டு மத்த மூணையும் அதுக்கு தக்கபடி ஏத்தி எறக்குங்க.